பத்மாசனி வாங்கிய முடிச்சு

போன வெள்ளிக்கிழமை தவராசா வீட்டு முற்றத்தில் பத்மாசனி சொன்ன வார்த்தைக்காக வட்டக்கச்சி முழுவதும் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறது. திட்டட்டும். நானும் அந்த முற்றத்தில்தான் நின்றேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்று எழுதிவைக்கப் போகிறேன். வாயைத் திறந்தால் சண்டைதான் வரும். எழுதும்போது யாரும் குறுக்கே விழ முடியாது.

நடந்தது இதுதான். தவராசாவின் மகள் ஜெகதீஸ்வரி மேற்படிப்புக்கு இந்தியா போகிறாள். அந்தப் பிள்ளைக்குக் கணக்குப் படிப்பித்தவள் பத்மாசனி, இங்கிலீஷ் படிப்பித்தவள் நான். வழியனுப்பிவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் போனோம். அங்கே திருவிழாக் கூட்டம்போல் சனம் நின்றது. வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் மஞ்சள் துணி முடிச்சு.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் மாறவேண்டும், வழக்கு வெல்லவேண்டும், மாடு சுகமாகக் கன்று போடவேண்டும் என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, இன்ன கோயிலுக்கு என்று நேர்ந்து, சாமிப் படத்தடியில் வைப்பார்கள். அந்தக் கோயில் கடலுக்கு அப்பால் இருந்தால், போகிற ஆள் யாராவது கிடைக்கும்வரை முடிச்சு அங்கேயே கிடக்கும். இந்தியாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பிள்ளைக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை என்பது ஊர் முழுக்கத் தெரியும்.

ஜெகதீஸ்வரி மடி நிறைய முடிச்சுகளோடு முழிசிக்கொண்டு நின்றாள். பத்மாசனி நேரே போய் அத்தனையையும் அள்ளி முற்றத்துக் கதிரையில் கொட்டினாள்.

"அவரவர் முடிச்சை அவரவர் எடுத்துக்கொண்டு போங்கோ. நேர்ந்தது நீங்கள்தானே, நீங்களே போய்ப் போடுங்கோ. இவள் படிக்கப் போறாள்."

அதோடு விட்டிருந்தால் முணுமுணுப்போடு போயிருக்கும். அவள் விடவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஜெகா, இஞ்சை பார். உன்ரை அம்மாவோ அப்பாவோ செத்தால் நான் உனக்கு அண்டைக்கே தந்தி அடிப்பன். சோதினை நடந்துகொண்டிருந்தாலும் அடிப்பன். இது சத்தியம்."

வாசலில் நிறைகுடம் வைத்திருக்கிற வீடு. பயணம் வெளிக்கிடுகிற நேரம். பிள்ளையின் தாய் இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தவராசாவுக்கு முகம் கறுத்தது. "ரீச்சர், நீங்கள் வெளியிலை போங்கோ" என்றார். போனோம். பின்னால் யாரோ உப்பு மிளகாய் சுற்றச் சொல்லிக் கத்தியதும் கேட்டது.

பத்மாசனிக்கு வாய்த்துடுக்கு, கலியாணமாகாத ஏக்கம், பைத்தியம் என்று இப்போது ஆளுக்கொரு கதை. இந்தச் சனத்துக்கு எல்லாம் மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை.

பத்மாசனியின் தகப்பன் பரமலிங்கத்தார் வடமராட்சிக்காரர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும் மனைவி இராசமலரையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். காட்டை வெட்டி வயலாக்கிய காலம். பள்ளிக்கூடம் நடைதூரம், அதுவும் பாதி வழி பற்றைக்காடு. வயலுக்கு ஆள் காணாது, இவள் படித்தது போதும் என்று பரமலிங்கத்தார் சொன்ன போதெல்லாம் இராசமலர்தான் குறுக்கே நின்றார். "நான் ரெண்டு ஆள் வேலை செய்யிறன், அவள் போகட்டும்" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாராம். அவருக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஐம்பத்தொன்பதில் அவளும் நானும் மேற்படிப்புக்கென்று போய், மதுரையில் ஒரே ஹொஸ்டலில், ஒரே அறையில் வந்து விழுந்தோம். நான் முல்லைத்தீவுக் கடற்கரைப் பெட்டை, வேதக்காரி. என் தகப்பன் கிறகோரி கரைவலைக்காரர். எங்கள் ஆட்கள் வேளாங்கண்ணிக்கென்று இரண்டு முடிச்சுத் தந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பத்மாசனி பெட்டியைத் திறந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாதிப் பெட்டி உடுப்பு, பாதிப் பெட்டி மஞ்சள். பழனி, திருச்செந்தூர், சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில் என்று எல்லாவற்றிலும் கோயில் பெயர் எழுதிக் கட்டியிருந்தது.

"நீ படிக்க வந்தனியோ, தேர் இழுக்க வந்தனியோ?" என்று கேட்டேன்.

"அம்மா வாங்கி வைச்சவா. மாட்டன் எண்டு அவாவாலை ஆருக்கும் சொல்லேலாது."

அவளுடைய சனி ஞாயிறுகள் அப்படித்தான் போயின. வார்டன் அம்மா சினிமாவுக்கு விடமாட்டா, கடைக்கு விடமாட்டா, கோயில் என்றால் மட்டும் உடனே தலையாட்டுவா. தனியாகப் போகவும் விடமாட்டா. ஆகவே நானும் போனேன். தமிழ்நாட்டுக் கோபுரவாசல் ஒன்று பாக்கியில்லாமல் அவளுடைய செருப்பைக் காவல்காத்த ஒரே வேதக்காரி நானாகத்தான் இருக்கும். ரெயிலில் வாயைத் திறந்தால் போதும், "நீங்க மலையாளமா?" என்று கேட்பார்கள். இல்லை, தமிழ்தான், சிலோன் என்றால், "சிலோன்ல இருந்து தமிழ் இவ்ளோ நல்லா கத்துக்கிட்டீங்களே!" என்று மெச்சுவார்கள். எனக்கு எரியும். பத்மாசனி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள்.

ஒருமுறை சோதினைக்கு முந்திய சனிக்கிழமை திருச்செந்தூர் போகவேண்டியிருந்தது. ஊரில் யாரோ ஒருவருடைய எருமை கன்று போட்டதற்காம். போக இடம் கிடைத்தது, திரும்பிவரக் கிடைக்கவில்லை. கதவடியில் நசுங்கிக்கொண்டு நின்றோம்.

"மார்கிறட், ஒரு எருமைக்காக நான் இரவு முழுக்க நிண்டு வாறன். அந்த எருமை அங்கை படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அழுதாள்.

எருமைக்காக அழவில்லை. அவளுக்கு வீடு வேண்டும். அதை ஒளித்துப் பேச நான் விரும்பவில்லை. எங்களுக்கு மதுரை பிடிக்கவில்லை. சாம்பார் பிடிக்கவில்லை, வெள்ளை அரிசி பிடிக்கவில்லை, தேங்காய்ப்பால் சொதி ஒரு கரண்டி கிடைக்காதா என்று நாக்குச் செத்துக் கிடந்தது. எனக்குக் கடல் வேண்டும், அவளுக்கு அம்மா வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எந்த ஊர் ஸ்ரேசனில் நின்றாலும் "இந்நேரம் அம்மா மாட்டைக் கட்டியிருப்பா" என்பாள். கப்பல் ஏறும்போது இராசமலர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "கடைசிச் சோதினை முடிய நான் வாறன் பிள்ளை. இராமேஸ்வரத்திலை ரெண்டு பேரும் சேர்ந்து தீர்த்தமாடிப்போட்டு வருவம்." அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் அவள் இரண்டு வருடத்தை ஓட்டினாள்.

அறுபத்தொன்று மாசி மாதம். கடைசிச் சோதினைக்குக் கொஞ்சநாள்தான் இருந்தது. வட்டக்கச்சியில் அவர்களுடைய அடுத்த காணிக்காரர் மயில்வாகனம் ஹொஸ்டல் வாசலில் வந்து நின்றார். தீர்த்த யாத்திரை வந்த மனிதர். திருப்பதிவரை போய் எல்லாக் கோயிலும் பார்த்துவிட்டு, கடைசியாக மதுரைக்கு வந்திருந்தார். மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்துக் கொடுத்தார்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாது, பிள்ளை. கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு, செங்கமாரி எண்டு பரியாரியார் சொன்னவர். நான் வெளிக்கிடேக்கை தந்துவிட்டவா. பழனிக்காம். உன்ரை கையாலைதான் போடோணுமாம்."

"எப்ப மாமா வெளிக்கிட்டனீங்கள்?"

"திருவெம்பாவை முடிஞ்ச கையோடை."

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் போயிருந்தது. முடிச்சை இவ்வளவு நாளும் மடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்மாசனி ஓடிப்போய்த் தகப்பனின் கடிதங்களை எடுத்துப் பார்த்தாள். கிழமைக்கொரு கடிதம் வந்திருந்தது. எல்லாவற்றிலும் 'அம்மா சுகம், நீ கவனமாகப் படி' என்றே இருந்தது. அம்மாவுக்கு எழுத வராது, எப்போதும் தகப்பன்தான் எழுதுவார். ஆகவே சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"வருத்தம் மாறியிருக்கும். ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதானே" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பழனிக்குப் போனோம். பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல், வெறுங்காலோடு, கொதிக்கிற படியில் ஏறினாள். அன்றைக்கு நான் செருப்புக் காவலுக்கு நிற்கவில்லை. என் செருப்பையும் கழற்றிவிட்டு, மாதாவே கோபிக்காதே என்று சொல்லிக்கொண்டு நானும் ஏறினேன். லீவில் போகும்போதெல்லாம் அந்த மனிசியின் கையால் இடியப்பமும் சொதியும் வயிறு முட்டத் தின்றவள் நான். உண்டியலில் முடிச்சைப் போடும்போது பத்மாசனியின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை முடிச்சுப் போட்டும் அந்த ஒரு தடவைதான் அவள் கும்பிட்டதைக் கண்டேன்.

பிரசாதத் திருநீறு உடனே அம்மாவின் நெற்றிக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தபாலில் போனால் திருநீறு உடைந்தா போகும் என்று பகிடி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. தனுஷ்கோடிக்குப் போய், தலைமன்னார்க் கப்பல் ஏறுகிற ஊராட்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வார்டனிடம் இராமேஸ்வரம் கோயில் என்று சொல்லிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை இரவு ரெயில் ஏறினோம்.

அந்தத் துறை இப்போது இல்லை. அறுபத்துநாலில் வந்த புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. அன்றைக்குச் சனிக்கிழமைப் பகல், நல்ல வெயில், மணல் கண்ணில் அடிக்கிற காற்று. தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் அணைந்தது. திரும்பிப் போகிற ஆட்களைத் தேடுவதை விட்டுவிட்டு அவள் இறங்குகிற சனத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர்முகம் ஒன்றைக் கண்டாலே போதும் என்கிற மாதிரி.

திடீரென்று என் கையைப் பிடித்து நசித்தாள். "மார்கிறட்! அப்பா!"

பரமலிங்கத்தார்தான். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, தலை மழுங்க மொட்டை. மீசையும் இல்லை. பத்மாசனி சின்னப் பிள்ளைபோல் ஓடினாள்.

"அப்பா! என்ன இது, மொட்டை! நீங்களும் அம்மாக்கு நேர்த்தி வைச்சனீங்களே? நான் போட்டிட்டன் அப்பா, போன சனிக்கிழமை பழனியிலை போட்டிட்டன். அம்மா எழும்பி நடக்கிறாவோ?"

இந்தச் சனத்தின் கண்ணுக்கு மொட்டை என்றால் முதலில் நேர்த்திதான். இரண்டு வருடமாகக் கோயில் கோயிலாக மொட்டைகளைப் பார்த்தவள் வேறு எதை நினைப்பாள்?

அந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தையை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

"நீ ஏன் இஞ்சை வந்தனீ? சோதினைக்குப் படிக்கிறேல்லையே?"

அவர் இடக்கையால் நெஞ்சோடு எதையோ அணைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய ஒரு சின்னச் செம்புக் குடம். நான் அதைக் கண்டுவிட்டேன். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது கப்பலுக்கு வருகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே துறையில் திரிகிற ஒரு ஆள் எங்களுக்குள் புகுந்தான். அவனுக்கு மொட்டையும் குடமும் ஒரு பார்வையில் விளங்கிவிட்டன.

"அஸ்தி கரைக்கணுமா சாமி? இப்படி வாங்க, ஐயர் ரெடியா இருக்கார்."

தாய் செத்த செய்தியைப் பத்மாசனி அப்படித்தான் கேட்டாள். துறைமுகத் தரகன் ஒருவனுடைய வாயிலிருந்து.

அவள் அழவில்லை. அந்தக் குடத்தைப் பார்த்தாள். பிறகு, "எப்ப?" என்றாள்.

"தைப்பூசத்துக்கு முதல் நாள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிச்சுப்போட்டு வாறன். இராமேஸ்வரத்துக்கு வரவேணும் எண்டு ஆசைப்பட்டவா. அதுதான் ஊரிலை கீரிமலையிலை கரைக்காமல்..."

"அப்ப நான் மலை ஏறேக்கை அம்மா இல்லை."

"உன்ரை படிப்புக் குழம்பக்கூடாது எண்டுதான் பிள்ளை. எல்லாரும் சேர்ந்து யோசிச்சுத்தான் செய்தனாங்கள். கொம்மாவும் அதைத்தான் விரும்பியிருப்பா."

"எனக்குச் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவாவோ?"

அவர் கடலைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன் அப்பா. அம்மா சொன்னவாவோ?"

"இல்லை" என்றார். அந்த ஒரு உண்மையையாவது சொன்னார். "கடைசி மட்டும் உன்னைத்தான் கேட்டவா."

எனக்கு அந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. எத்தனை நாள் படுக்கையில் கிடந்திருக்கிறார் அந்த மனிசி! கிளிநொச்சியில் தந்திக் கந்தோர் இருக்கிறது. ரெயில் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. மகள் வந்து தாயின் கையைப் பிடித்திருக்க முடியும். ஊர் கூடி யோசித்ததாம்! திருச்செந்தூருக்கு எருமை முடிச்சுக் கொடுத்துவிட்டபோது படிப்புக் குழம்பும் என்று இந்த ஊரில் ஒருவர்கூட யோசிக்கவில்லையே.

கடற்கரைக்குப் போனோம். ஐயர் தர்ப்பையைக் கொடுத்து மந்திரம் சொன்னார். பரமலிங்கத்தார் குடத்தோடு தண்ணீரில் இறங்கப்போனபோது பத்மாசனி கையை நீட்டினாள்.

"தாங்கோ."

"பொம்பிளைப் பிள்ளையள் கரைக்கிறேல்லை" என்றார் தகப்பன். ஐயரும் தலையாட்டினார்.

"திருச்செந்தூருக்குப் போகேக்கை நான் பொம்பிளைப் பிள்ளை எண்டு ஒருதரும் சொல்லேல்லை. பழனிக்குப் போகேக்கை சொல்லேல்லை. ராத்திரி ராத்திரியா ரெயிலிலை நிண்டு உங்கடை ஊத்தை நேர்த்தியெல்லாம் நான்தான் செய்தனான். என்ரை அம்மாவுக்கு வரேக்கை மட்டும் நான் பொம்பிளைப் பிள்ளையோ? தாங்கோ அப்பா!"

கரையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அவர் குடத்தை நெஞ்சிலிருந்து எடுத்தார். கொடுத்தார்.

அவள் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். நான் பழக்கதோஷத்தில் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, உடுத்த சேலையோடு பக்கத்தில் போய் நின்றேன். துணியை அவிழ்த்தாள். சட்டையின் உள்ளே வைத்திருந்த பழனித் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அந்தச் சாம்பலுக்குள் கொட்டினாள். "அவாக்கெண்டுதானே கொண்டுவந்தனான்" என்று எனக்குச் சொன்னாள். பிறகு குடத்தைக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தாயும் மகளும் சேர்ந்து தீர்த்தமாடுவதாக இருந்த தண்ணீர் அது.

சோதினை எழுதினாள், பாஸ் பண்ணினாள். பரமலிங்கத்தார் இன்றைக்கும் சந்தியில் நின்று சொல்கிறார், தான் சொல்லாமல் மறைத்தபடியால்தான் மகள் பாஸ் பண்ணினாள் என்று. கேட்கிற ஆட்கள் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறார்கள். அவள் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, மிச்சம் இருந்த முடிச்சுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். அந்த வருடம் வயலுக்குத் தண்ணீர் காணாமல் போனதற்கும், யாரோ ஒரு கிழவர் வழுக்கி விழுந்ததற்கும் அதுதான் காரணமாம். ஒருத்தராவது, 'உன்ரை அம்மா உன்னைக் கேட்டவா, நாங்கள் சொல்லாமல் விட்டது பிழை' என்று சொல்லவில்லை. பிறகு அவள் இங்கேயே ரீச்சராக வந்தாள். முல்லைத்தீவில் வேலை கிடைத்திருந்தும் நானும் இங்கேயே மாற்றம் கேட்டு வந்தேன். இந்தச் சனத்தோடு அவளைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஜெகதீஸ்வரி போய்விட்டாள். நேற்றுப் பின்னேரம் நாங்கள் இருவரும் வீட்டில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தோம். படலையில் இரஞ்சிதம் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழும்பினேன். பதிலுக்கு நாலு கேட்க நானும் ஆயத்தம்.

அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ரீச்சர், அண்டைக்கு நீங்கள் சொன்னதை அந்த இடத்திலை சொல்லியிருக்கக்கூடாது. இவர் இன்னும் கொதிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"சொன்னது சொன்னதுதான்" என்றாள் பத்மாசனி, கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஓம். அதுக்குத்தான் வந்தனான்." இரஞ்சிதம் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஏதும் எண்டால் இவர் தந்தி அடிக்கமாட்டார், ரீச்சர். எனக்கு அவரைத் தெரியும். பிள்ளையின்ரை படிப்பு எண்டு சொல்லி மறைச்சுப்போடுவார். நான் அவளைக் கேட்டுக்கேட்டுச் சாகவேண்டி வரும்."

சேலைத் தலைப்பை அவிழ்த்தார். உள்ளே ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

"தந்திக் காசு. நீங்கள் வைச்சிருங்கோ. நான் படுக்கையிலை விழுந்தன் எண்டு கேள்விப்பட்டவுடனையே அடியுங்கோ. சாகும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ."

ஊர் முழுவதன் முடிச்சையும் முற்றத்தில் கொட்டியவள், எழும்பி இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினாள். சாமிப் படத்தடியில் வைக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரஞ்சிதம் போன பிறகும் அவள் கொப்பியைத் தொடவில்லை.

"மார்கிறட், தந்திக் கந்தோர் சனி ஞாயிறிலையும் திறந்திருக்குமோ?"

"தெரியேல்லை" என்றேன்.

"நாளைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வருவம்."